போறணை இல்லா வீட்டு உருண்டைகள்

நத்தார் என்றதும் எல்லோருக்கும் கேக் நினைவுக்கு வருகிறது. அந்தக் கேக்குக்கு ஒரு போறணை வேண்டும் என்பது, போறணை இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டுமே நினைவுக்கு வரும். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் விறகடுப்பும் அம்மிக்கல்லும் இருந்தன. ஓர் ஆட்டுக்கல் பொதுவில் இருந்தது. போறணை இருந்தது துரை பங்களாவின் குசினியில். அதற்கு அடுத்த போறணை, பஸ் ஏறிப் போனால் பட்டணத்து பேக்கரியில்.

கொஞ்சம் வசதியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மார்கழி இருபதாம் தேதி வாக்கில் கேக் கலவையைத் தகரத் தட்டில் ஊற்றி, வாழையிலையால் மூடி, பேக்கரிக்குச் சுமந்து செல்வார்கள். பாண் வெந்து முடிந்த பிறகு தணலின் மிச்சச் சூட்டில் கேக் வேகும். தட்டு மாறிப் போகாமலிருக்க அடியில் ஆணியால் பெயரைக் கீறி வைப்பார்கள். வசதி இல்லாதவர்கள் உருண்டை பிடித்தார்கள்.

உருண்டை நம்மவர்களுக்குப் புதிதல்ல. எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, பொரிவிளாங்காய் என்று நம்முடைய பலகாரங்களில் பாதி கையால் பிடித்து முடிப்பவைதாம். எங்கள் அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவர்கள் 'அக்கல' என்றொன்று செய்வார்கள். அரிசியை வறுத்து இடித்த மாவில் கித்துள் பாணியை ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சூடு ஆறுமுன் உருட்டி எடுப்பது. முதலில் இனிக்கும், விழுங்கிய பின் தொண்டையில் மிளகு எழும்பும். மிளகு விளையும் மாவட்டத்துக்குப் பொருத்தமான பலகாரம். இவை எவற்றுக்கும் போறணை வேண்டாம். மாவை வறுக்கச் சிறிது நெருப்பும், உருட்டச் சில கைகளும் இருந்தால் போதும்.

இவ்வளவும் சொல்லக் காரணம், 2023ஆம் ஆண்டு நத்தாருக்கு எங்கள் அக்கா வீட்டில் செய்த ஒரு புதுவித உருண்டை.

அக்காவின் மகள் கனடாவில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்த மார்கழியில் ஊருக்கு வந்தாள். வரும்போதே கைத்தொலைபேசியில் ஒரு செய்முறையும், பெட்டியில் ஒரு போத்தலும் கொண்டு வந்தாள். "மாமா, இந்த முறை கேக் வேண்டாம். முட்டை வேண்டாம், பட்டர் வேண்டாம், அவன் வேண்டாம். போர்பன் பந்து செய்வோம்" என்றாள். முட்டை வேண்டாம் என்றது அக்காவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை இறக்கிய ஆண்டு அது. அதற்கு முந்திய ஆண்டு, 2022இல், எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த ஊர் இது. அடுப்பே தேவைப்படாத இனிப்பு என்றால் எவர்தான் காது கொடுக்க மாட்டார்?

போர்பன் என்றதும் பக்கத்து வீட்டு மூதாட்டி, நடுவில் சொக்கலேற் பூசிய நீளமான பிஸ்கட்டை நினைத்துக்கொண்டார். வாசகர்கள் பலருக்கும் அதுவே நினைவில் எழும். அந்த பிஸ்கட், லண்டனின் பீக் ஃபிரீன்ஸ் நிறுவனம் 1910இல் செய்து விற்றது. பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயரைத் தாங்கியது. அதில் ஒரு சொட்டு மதுவும் கிடையாது. மருமகள் சொன்ன போர்பன் வேறு. அது அமெரிக்கச் சோள விஸ்கி. தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் தம் நாட்டுக்கே உரிய உற்பத்திப் பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

அந்த விஸ்கியை இனிப்புக்குள் வைத்த கதையும் சுவையானது. கென்டக்கி மாநிலத்தின் தலைநகரான பிராங்ஃபோர்ட்டில் ரெபெக்கா கூச், ரூத் ஹான்லி என்ற இரு ஆசிரியைகள் 1919இல் மிட்டாய்த் தொழில் தொடங்கினார்கள். மறு ஆண்டே நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வியாபாரமற்றுக் கிடந்த ஒரு ஹோட்டலின் மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கேதான் மிட்டாய் செய்தார்களாம். மதுவிலக்கு 1933இல் நீங்கியது. 1936இல் பிராங்ஃபோர்ட் நகரத்தின் 150ஆம் ஆண்டு விழாவில், மிட்டாயும் போர்பனும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற பேச்சு எழுந்தது. ரூத் இரண்டு ஆண்டுகள் முயன்று அந்தச் சேர்க்கையைச் சரிப்படுத்தினார். கடையில் விற்பது உள்ளே களிபோன்ற சீனிக்கலவையும் மேலே சொக்கலேற்றும் கொண்டது. வீடுகளில் செய்வது எளிய வகை: பிஸ்கட் தூள், பெக்கான் பருப்பு, பொடித்த சீனி, கொக்கோ, சோளப் பாணி, இவற்றைப் பிசைய விஸ்கி. நெருப்பே படாது.

மருமகளின் செய்முறையை மாத்தளைக்கு மாற்றும் வேலை எனக்கும் அக்காவுக்கும் வந்தது. வனிலா பிஸ்கட்டுக்கு மாரி பிஸ்கட். பெக்கானுக்கு வறுத்த கஜு. சோளப் பாணிக்கு நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கித்துள் பாணி. கொக்கோவுக்கு வேறு தேடவேண்டியதில்லை. இந்த மாவட்டம் நெடுங்காலமாகக் கொக்கோ விளைவிக்கும் மாவட்டம். கோப்பிச் செடிகளை நோய் தின்ற பிறகு தோட்டக்காரர்கள் நட்டுப் பார்த்த பயிர்களில் அதுவும் ஒன்று. என் சிறு வயதில் கொக்கோக் காயை உடைத்து, விதையைச் சுற்றிய வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்புவோம். துப்பியதுதான் சொக்கலேற் என்று அப்போது எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மாற்றுக் கிடைத்தது. மிஞ்சியது போத்தல்.

மேசை மேல் அதை மருமகள் எடுத்து வைத்தபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த துணியால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, "பொம்பளப் புள்ளைக்கு இத எப்படிக் குடுத்தான்?" என்று என்னிடம் கேட்டாள். கேள்வி பொருளற்றதல்ல. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்று இந்நாட்டில் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறவைத்தார். மருமகள் வாங்கியது வழியில் இறங்கிய வெளிநாட்டு விமான நிலையத்தில். ஆனால் அக்கா கேட்டது சட்டத்தைப் பற்றியல்ல என்பது எனக்குத் தெரியும்.

மச்சான் தோட்டத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2009ஆம் ஆண்டு வரை குடித்தார். தோட்டப்புறத்தில் குடி என்ன செய்யும் என்பதைப் பத்திரிகையாளனாக நான் பலமுறை எழுதியிருக்கிறேன். சம்பள நாளன்று தவறணைக்கும் வீட்டுக்கும் இடையிலான பாதையில் கரைந்துபோகும் கூலியைப் பற்றியும், கசிப்பு குடித்துக் கண்பார்வை போனவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என் அக்கா வீட்டைப் பற்றி எழுதியதில்லை. இப்போதும் அதிகம் எழுதப் போவதில்லை. அக்காவின் காதுத் தோடுகள் மூன்று முறை அடகுக் கடைக்குப் போயின, இரண்டு முறை திரும்பி வந்தன என்பது போதும். 2009இல் மச்சான் ஒரு நாள் நிறுத்தினார். மறுநாளும் குடிக்காமல் இருந்தார். அப்படியே பதினான்கு ஆண்டுகள்.

மருமகளுக்கு அந்தக் காலம் தெரியும். அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனால் முடிந்த கதை என்று நினைத்திருந்தாள். "சமையலில் சேர்த்தால் அற்கஹோல் ஆவியாகப் போய்விடும்தானே மாமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

அப்படித்தான் பலரும் நம்புகிறோம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணை வேறு கதை சொல்கிறது. மது சேர்த்த குழம்பை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் ஏறத்தாழ கால்வாசி அற்கஹோல் மிச்சமிருக்கும். இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும் 5 வீதம் நிற்கும். நெருப்பே காட்டாமல் ஓர் இரவு வைத்தால் 70 வீதம் அப்படியே இருக்கும். போர்பன் உருண்டை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. மூடிய டப்பாவில் வைப்பதால் வெளியே போகவும் வழியில்லை. சில நாட்கள் ஊறினால் வாசம் இன்னும் ஏறும் என்பதுதான் இந்தப் பலகாரத்தின் புகழே.

கணக்குப் பார்த்தால் அளவு சிறியது. 40 உருண்டைக்கு 60 மில்லிலீற்றர் விஸ்கி. அதில் சுத்த அற்கஹோல் சுமார் 24 மில்லிலீற்றர். ஓர் உருண்டைக்குக் கால் தேக்கரண்டியில் பாதி. ஒருவரும் இதைத் தின்று தள்ளாடப் போவதில்லை. ஆனால் குடியை விட்டவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மருந்து உட்கொள்பவர்களிடம், மது கலந்த உணவையும் தொட வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறிய அளவும் உடம்பைப் புரட்டிப்போடக் கூடும். மருந்தின்றி மன உறுதியால் மட்டும் நிறுத்தியவருக்கு வேறு தொல்லை: வாசமும் நாக்கும் பழைய வழியை மறப்பதில்லை.

நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருப்பதைக் கேட்டு மச்சான் உள்ளே வந்தார். போத்தலைப் பார்த்தார். எடுத்து, பெயர்ச்சீட்டைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். திரும்ப வைத்தார்.

"இதுக்காகவா மூணு பேரும் முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? ஊத்துறதுன்னா ஊத்துங்க. ஆனா எதுல இருக்குன்னு எங்கிட்டச் சொல்லிடணும். தெரிஞ்சா நான் எடுக்க மாட்டேன். தெரியாம வாயில போட்டுட்டா, அந்த வாசத்துக்கு என்னோட பதினாலு வருஷம் ஒரு கணக்கே இல்ல."

மருமகள் கேட்டாள்: "அப்ப மத்தவங்க வீட்டுல நத்தாருக்குக் கேக் குடுத்தா?"

"எடுக்க மாட்டேன். பிராந்தி ஊத்தியிருப்பாங்களோன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேக்க முடியுமா? ரெண்டு வீட்டுல என்னைப் பெருமை புடிச்சவன்னு சொல்றாங்க. சொல்லட்டும்."

தகப்பன் நத்தார் கேக் உண்ணாததற்குக் காரணம் சீனி வியாதி என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தாள். பதினான்கு நத்தார்கள். அவள் முகம் அப்போது எப்படியிருந்தது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அக்கா போத்தலை எடுத்து ஒரு பழைய பத்திரிகையில் சுற்றி என் பையில் வைத்தாள். அது திறக்கப்படாமலே என்னோடு கொழும்புக்கு வந்து, ஒரு நண்பர் வீட்டு அலுமாரிக்குப் போயிற்று.

நான் இதை மச்சான் ஒருவருக்கான ஏற்பாடாக மட்டும் பார்க்கவில்லை. எங்கள் வீதியில் நத்தாருக்குப் பலகாரத் தட்டு நான்கு திசைக்கும் போகும். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பும் முஸ்லிம் வீடு இரண்டு உண்டு. வெசாக்குக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கொக்கிஸும் கெவுமும் அனுப்பும் சிங்கள வீடுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் பன்சில் காக்கும் பெரியவர் ஒருவர் மதுவைத் தொடாதவர். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் அனுப்புவோம். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்து அனுப்புவார்கள். இந்தத் தட்டுகள் ஓடுவது ஒரே ஒரு நம்பிக்கையில்: நான் உண்ணக் கூடாததை நீ எனக்கு மூடி அனுப்ப மாட்டாய் என்ற நம்பிக்கை. எத்தனையோ கெட்ட ஆண்டுகளைக் கடந்த பிறகும் எங்கள் வீதியில் தட்டுகள் நின்றுபோகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கொக்கோவும் கஜுவும் மணக்கும் ஓர் உருண்டைக்குள் விஸ்கி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கேக்கிலாவது கேட்கும் வழக்கம் உண்டு. உருண்டையில் எவரும் கேட்க மாட்டார்கள்.

சரி, விஸ்கிக்குப் பதில் எதை ஊற்றுவது? விஸ்கி அங்கே மூன்று வேலை செய்கிறது. தூளை நனைத்துப் பிடிக்க வைக்கிறது. இனிப்பை வெட்ட ஒரு கசப்பும் காரமும் தருகிறது. பலகாரம் கெடாமல் காக்கிறது. முதலாவதைத் தோடம்பழச் சாறும் செய்யும். மருமகள் அதைத்தான் முதலில் முயன்றாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சிறு பிள்ளைகளின் மிட்டாய் போல இருந்தது. கசப்பு வேண்டும் என்றாள். அக்கா கேத்தலை எடுத்து, கடுங்கோப்பி போட்டாள்.

எனக்கு அது சட்டென்று பொருந்தியது. எங்கள் பாட்டன் பூட்டன்மாரை இந்தப் பக்கம் கொண்டுவந்ததே கோப்பிதான். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1869இல் தென்பட்ட இலைநோய் பின்னர் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தேயிலையும் கொக்கோவும் றப்பரும் வந்தன. வீட்டுக் கொல்லைகளில் மட்டும் கோப்பிச் செடி நின்றுவிட்டது. அக்கா போட்டதும் அப்படிக் கொல்லையில் பறித்து, வறுத்து, மல்லியோடு இடித்த தூள்தான்.

காரத்துக்கு அக்கலவிலிருந்து கடன் வாங்கினோம்: மிளகு. கெடாமல் காக்கும் வேலையை மட்டும் கோப்பியால் செய்ய முடியாது. ஆகவே கொஞ்சமாகச் செய்து விரைவாக உண்ண வேண்டும். அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

அளவைக் கேட்டு எழுதப் போகும் வாசகர்களுக்காக, அக்காவின் கைக்கணக்கைத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். மாரி பிஸ்கட் 250 கிராம்; மாவாக இடிக்க வேண்டும், கட்டி இருந்தால் உருண்டை வெடிக்கும். வறுத்துக் கரகரப்பாகப் பொடித்த கஜு 100 கிராம். பொடித்த சீனி 100 கிராம். இனிப்புக் குறைவாக விரும்புவோர் 75 போடலாம். கொக்கோத் தூள் மூன்று மேசைக்கரண்டி, சலித்தது. புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, கராம்புத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை முதலில் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். பிறகு கித்துள் பாணி மூன்று மேசைக்கரண்டி. கடைசியில் நன்றாக ஆறிய கடுங்கோப்பி நான்கு மேசைக்கரண்டி. ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாக. சூடான கோப்பியை ஊற்றினால் பிஸ்கட் களியாகிவிடும். பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அதற்குள் தூள் ஈரத்தை உறிஞ்சி இறுகும். உதிர்ந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி கோப்பி, ஒட்டினால் ஒரு பிடி பிஸ்கட் தூள். நெல்லிக்காய் அளவில் உருட்டி, உலர்ந்த தேங்காய்ப்பூவிலோ கொக்கோவிலோ புரட்டுங்கள். ஏறக்குறைய 40 வரும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாட்கள் வைக்கலாம். மறுநாள் உண்பது முதல்நாளை விடச் சிறப்பு. மிளகு அப்போதுதான் உள்ளே இறங்கியிருக்கும்.

இதிலே விஸ்கியோ சாராயமோ சேர்க்க விரும்புவோர் சேர்த்துக்கொள்ளட்டும். மதுவிலக்குப் பிரசங்கம் செய்வது என் நோக்கமில்லை. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் அதைச் செய்தால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. மது சேர்த்தவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். விருந்தாளி கேட்கட்டும் என்று காத்திராமல், தட்டை நீட்டும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு ஒருவர் தன் கதையைச் சொல்லவேண்டி வரும். குடியை விட்டவர், மருந்து சாப்பிடுபவர், வயிற்றில் பிள்ளையோடு இருப்பதை இன்னும் எவருக்கும் சொல்லாத பெண், மார்க்கம் தடுப்பவர் எல்லோருக்கும் அந்தச் சங்கடம் மிச்சமாகும். சொல்வதற்கு உங்களுக்கு ஒரு வாக்கியம் போதும்.

நத்தாருக்கு முதல்நாள் இரவு நான்கு பேரும் உட்கார்ந்து உருட்டினோம். மச்சானுக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கை. அவர் உருட்டியவை அச்சில் வார்த்தவை போல ஒரே அளவாக இருந்தன. மருமகள் உருட்டியவை ஒன்றும் ஒன்று போல இல்லை. முஸ்லிம் வீடுகளுக்கான தட்டுகளைக் காலையில் அவளே கொண்டுபோனாள். வாசலில் நின்று, "இதுல ஒண்ணும் சேர்க்கல, கோப்பிதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளேயிருந்து ஏதோ பதில் வந்தது, தொடர்ந்து சிரிப்பு. தட்டில் திரும்பி வந்தது பேரீச்சம்பழம்.

மச்சான் அன்று ஆறு உருண்டை சாப்பிட்டார். சீனி வியாதி உண்மையிலேயே வந்துவிடும் என்று அக்கா தட்டை எடுத்து மேலே வைத்தாள்.